செயலியில் பச்சை, ராத்திரியில் இழுப்பு: எதை நம்புவது?

கடலூர் முதுநகரிலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் தெருவும் வேண்டாம் என்று கேட்டிருப்பதால் விட்டுவிடுகிறேன். சுருக்கம் இது. மகனுக்கு ஒன்பது வயது, ஐந்து வயதிலிருந்தே ஆஸ்துமா. கணவர் சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு ஆலையில் ஒப்பந்தத் தொழிலாளி. சில ராத்திரிகளில் அழுகிய முட்டை நாற்றமும், வேறு சில ராத்திரிகளில் நெயில் பாலிஷ் போன்ற நெடியும் வீட்டுக்குள் வருகின்றன. ஒரு வருடமாக இவர் காலையில் எழுந்ததும் போனில் காற்று மாசு முன்னறிவிப்பைப் பார்க்கிறார். பச்சை என்றால் பள்ளி, விளையாட்டு எல்லாம் உண்டு. மஞ்சள் என்றால் விளையாட்டு கிடையாது. ஆரஞ்சு என்றால் பள்ளிக்கும் லீவு. தடுப்பு இன்ஹேலரையும் நிறத்தைப் பார்த்துத்தான் கொடுக்கிறார். "பச்சை நாளில் மருந்து எதற்கு, பழகிவிடுமே என்று நிறுத்திவிடுவேன்" என்று எழுதியிருக்கிறார். ஆனால் பச்சை காட்டிய நாட்களிலேயே இரண்டு முறை ராத்திரியில் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியிருந்தது. மூன்று செயலிகள் மூன்று எண்களைக் காட்டுகின்றன. "எங்க காலத்துல போனைப் பார்த்தா மூச்சு விட்டோம்?" என்று மாமியார் கேலி செய்கிறார். தம்பி, புதுச்சேரி மேட்டுப்பாளையம் பக்கம் வீடு பார்த்துத் தருகிறேன், வந்துவிடுங்கள் என்கிறார். புகார் கொடுத்தால் கணவர் வேலைக்கு ஆபத்து வருமோ என்ற பயம் வேறு. எந்தச் செயலியை நம்புவது, வீடு மாறுவதா வேண்டாமா என்பவை இவரது கேள்விகள்.

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் இன்ஹேலரைப் பேசிவிடுவோம். செயலி, காற்று, வீடு எல்லாம் அப்புறம்.

உங்கள் மகனிடம் இரண்டு இன்ஹேலர்கள் இருக்கின்றன. ஒன்று இழுப்பு வரும்போது அடிக்கும் உடனடி இன்ஹேலர். சுருங்கிய மூச்சுக்குழாயைச் சில நிமிடங்களில் விரித்துக் கொடுக்கும். மற்றது காலையும் இரவும் அடிக்கச் சொன்ன தடுப்பு மருந்து; அதில் இருப்பது குறைந்த அளவு ஸ்டீராய்டு. ஆஸ்துமா உள்ள பிள்ளையின் மூச்சுக்குழாய், இருமல் இல்லாத நாளிலும் உள்ளுக்குள் கொஞ்சம் வீங்கியே இருக்கும். அந்த வீக்கத்தைத்தான் தடுப்பு மருந்து வற்றவைக்கிறது. ஒரே நாளில் வற்றாது. முழுப் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். நிறுத்தினால் வீக்கம் மெல்லத் திரும்பி வரும். பச்சை நாளில் நிறுத்தி மஞ்சள் நாளில் தொடங்கினால், மருந்து ஒருபோதும் தன் வேலையை முடித்திருக்காது. மழை வரும் என்று வானொலி சொன்ன நாளில் மட்டும் கூரை வேய முடியுமா? பச்சை நாள் ராத்திரியில் நீங்கள் ஆஸ்பத்திரிக்கு ஓடியதற்கு நான் முதலில் சந்தேகப்படுவது செயலியை அல்ல, இந்த இடைவெளியைத்தான்.

பழகிவிடும் என்ற பயம் உங்களுக்கு மட்டும் இல்லை. என்னிடம் வரும் பெற்றோரில் பாதிப்பேர் இதையே கேட்கிறார்கள். இன்ஹேலர் ஸ்டீராய்டுக்கு யாரும் அடிமையாவதில்லை. மாத்திரையில் மில்லிகிராம் கணக்கில் போகும் மருந்து, இதில் மைக்ரோகிராம் கணக்கில், நேரே நுரையீரலுக்குப் போகிறது. நீண்ட நாள் எடுக்கும் சில பிள்ளைகளுக்கு உயரம் ஒரு சென்டிமீட்டர் அளவுக்குக் குறையலாம் என்பது உண்மைதான், மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அடக்கி வைக்காத ஆஸ்துமாவும் வளர்ச்சியைக் கெடுக்கும், தூக்கத்தையும் கெடுக்கும், சில நேரம் உயிருக்கே வந்துவிடும். இன்ஹேலருக்கும் வாய்க்கும் நடுவே மாட்டும் குழலான ஸ்பேசர் வைத்து அடியுங்கள். அடித்ததும் வாய் கொப்பளித்துத் துப்பச் சொல்லுங்கள். மூன்று மாதம் இழுப்பே இல்லாமல் போனால், அளவைக் குறைக்கலாமா என்று உங்கள் மருத்துவரே யோசிப்பார். அந்த முடிவை வானிலைச் செயலி எடுக்கக் கூடாது.

சரி, இப்போது செயலிக்கு வருகிறேன்.

மூன்று எண்களில் எது பொய்?

மூன்றுமே பொய் இல்லாமல் இருக்கலாம். இந்தியாவில் 2015-ல் நடைமுறைக்கு வந்த தேசிய காற்றுத் தரக் குறியீடு 0 முதல் 500 வரை போகும். 50 வரை நல்லது, 100 வரை திருப்திகரம், 200 வரை மிதமானது, 300 வரை மோசம், 400 வரை மிக மோசம், அதற்கு மேல் கடுமை. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 'சமீர்' செயலியில் வருவது இதுதான். போனோடு வரும் வானிலைச் செயலிகளிலும் வெளிநாட்டுச் செயலிகளிலும் பல, அமெரிக்க அளவுகோலில் கணக்கிடுகின்றன. அவர்கள் கோடு நம்முடையதைவிடக் கறார். ஒரு கன மீட்டர் காற்றில் பிஎம் 2.5 என்னும் நுண்துகள் 60 மைக்ரோகிராம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் அளவுகோலில் அது 100, இளம்பச்சை. அமெரிக்க அளவுகோலில் அதே காற்று 150-ஐத் தாண்டிச் சிவப்பாகிவிடும். காற்று ஒன்றுதான், வாசிக்கும் கண்ணாடி வேறு. எனவே மூன்றில் இரண்டை அழித்துவிட்டு ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நான் 'சமீர்' வைத்துக்கொள்ளச் சொல்வேன். அதில் தெரிவது ஒரு கருவி நிஜமாக அளந்த எண். உங்கள் பக்கம் செம்மண்டலத்திலும் குடிகாட்டிலும் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் தானியங்கி நிலையங்கள் உண்டு. தம்பி ஊரில் ஜவகர் நகரில் ஒன்று இருக்கிறது.

நாளைக்கு எப்படி இருக்கும் என்று சொல்லும் முன்னறிவிப்பு வேறு வகை. காற்றின் வேகம், ஈரப்பதம், செயற்கைக்கோள் படங்கள், எங்கெங்கே எவ்வளவு புகை கிளம்புகிறது என்ற பட்டியல் ஆகியவற்றைக் கணினியில் கொட்டிக் கணக்குப் போடுகிறார்கள். டெல்லிக்கு 2018 முதல் புனே வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனமும் இந்திய வானிலைத் துறையும் சேர்ந்து நடத்தும் தனி முன்னெச்சரிக்கை அமைப்பு இருக்கிறது. உலகம் முழுவதற்கும் போடப்படும் கணக்குகளில் பரவலாகப் பயன்படும் ஐரோப்பியக் கணக்கு, பூமியைச் சுமார் 40 கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரித்துப் பார்க்கிறது. அப்படி ஒரு கட்டத்துக்குள் கடலூரும் புதுச்சேரியும் சேர்ந்தே அடங்கிவிடலாம். உங்கள் தெருவுக்கும் குடிகாட்டுக்கும் நடுவே என்ன நடக்கிறது என்று அதற்குத் தெரிய வழியே இல்லை.

இன்னொரு விஷயத்தையும் கவனிக்க வேண்டும். காலை ஆறு மணிக்கு நீங்கள் பார்க்கும் குறியீடு, கடந்த 24 மணி நேரத்தின் சராசரி. ராத்திரி ஒரு மணி முதல் இரண்டு மணி வரை புகை மூட்டமாக இருந்து பிறகு கலைந்துவிட்டால், அந்த ஒரு மணி நேரம் மற்ற 23 மணி நேரத்தில் கரைந்து காணாமல் போகும். உங்கள் மகனின் மூச்சுக்குழாய் சராசரி பார்க்காது.

'திருப்திகரம்' என்ற பெயரிலும் மயங்க வேண்டாம். பிஎம் 2.5-க்கு ஒரு நாள் சராசரி 15 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனம் 2021-ல் சொன்ன வழிகாட்டு அளவு. நம் இளம்பச்சை 60 வரை போகிறது. ஆரோக்கியமான ஆளுக்கு அது பெரிய கவலை இல்லை. ஆஸ்துமா பிள்ளைக்கு அப்படிச் சொல்லிவிட முடியாது.

மூக்குக்குத் தெரிவது குறியீட்டுக்குத் தெரியாது

உங்கள் கடிதத்தில் இருக்கும் பெரிய தவறான எண்ணம் இதுதான்: பச்சை என்றால் காற்றில் ஒன்றும் இல்லை. இந்தக் குறியீடு எட்டே பொருட்களைத்தான் கணக்கில் எடுக்கிறது. இரண்டு அளவுத் துகள்கள், நைட்ரஜன் டை ஆக்சைடு, சல்ஃபர் டை ஆக்சைடு, கார்பன் மோனாக்சைடு, ஓசோன், அம்மோனியா, காரீயம். இவற்றில் எது மோசமோ அதன் எண்தான் குறியீடாக வெளியே வரும். அழுகிய முட்டை நாற்றம் தரும் ஹைட்ரஜன் சல்ஃபைடு இந்தப் பட்டியலில் இல்லை. நெயில் பாலிஷ் நெடி தரும் கரைப்பான் ஆவிகளும் இல்லை. ராத்திரி முழுக்க நாறினாலும் செயலி பச்சையாகவே இருக்க முடியும். அதற்குக் கருவி பழுதாகியிருக்க வேண்டியதில்லை. அதனிடம் அந்தக் கேள்வியே கேட்கப்படவில்லை.

இதை உங்கள் ஊர்க்காரர்கள் எப்போதோ கண்டுகொண்டார்கள். 2004 வாக்கில் சிப்காட்டைச் சுற்றியுள்ள கிராமத்தவர்களே பிளாஸ்டிக் வாளியும் பையும் வைத்து, நாறும் நேரத்துக் காற்றைப் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். வழக்கமான அரசு அளவீட்டில் வராத ரசாயனங்கள் அதில் வரிசையாகத் தெரிந்தன. 2009-ல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாடு முழுக்க மிக மோசமாக மாசுபட்ட தொழில் பகுதிகள் என்று 43 இடங்களைப் பட்டியலிட்டபோது கடலூரும் அதில் இருந்தது. ஆகவே நாற்றம் வருகிறது என்று நீங்கள் சொல்வதை வீண் பதற்றம் என்று யாரும் தள்ளிவிட முடியாது.

அதே நேரம், நாற்றம் வந்தாலே விஷம் ஏறிவிட்டது என்றும் இல்லை. ஹைட்ரஜன் சல்ஃபைடை நம் மூக்கு மிக மிகக் குறைந்த அளவிலேயே பிடித்துவிடும். அந்த அளவில் தலைவலி, குமட்டல், எரிச்சல் வரலாம். ஆஸ்துமா பிள்ளைக்கு இழுப்பையும் கிளப்பலாம். ஆபத்து எதிர்ப்பக்கத்தில்தான் இருக்கிறது. அளவு மிக அதிகமானால் மூக்கு மரத்துப்போகும். கடுமையாக நாறிக்கொண்டிருந்தது திடீரென்று நின்று, தலையும் சுற்றுகிறது என்றால், வாயு போய்விட்டது என்று நினைத்து அங்கேயே படுத்துவிடாதீர்கள்.

அப்படியானால் முன்னறிவிப்பு எதற்கு?

தூசிக்கும் புகைக்கும். அந்த வேலையை அது நன்றாகவே செய்யும். மார்கழி, தை மாதங்களில் விடியற்காலையில் குளிர்ந்த காற்று தரையோடு படிந்து கிடக்க, மேலே வெதுவெதுப்பான காற்று மூடிபோல நிற்கும். அடுப்புப் புகை, வண்டிப் புகை, குப்பை எரித்த புகை எல்லாம் வெயில் ஏறும்வரை மேலே போகாது. போகிப் பண்டிகை அந்த நேரத்தில்தான் வருகிறது. தீபாவளி சொல்லவே வேண்டாம். காலை 6 முதல் 7, மாலை 7 முதல் 8 என்று நேரம் குறித்திருந்தாலும் உங்கள் தெருவில் எப்படி நடக்கிறது என்று உங்களுக்கே தெரியும். இப்படிப்பட்ட நாட்களை ஒன்றிரண்டு நாள் முன்பே முன்னறிவிப்பு காட்டிவிடும். உடனடி இன்ஹேலரில் மருந்து மிச்சம் இருக்கிறதா என்று பார்க்கவும், காலை ஓட்டத்தை மாலைக்குத் தள்ளவும் அந்த ஒரு நாள் அவகாசம் போதும்.

எச்சரிக்கைகளால் நிஜமாகவே பலன் உண்டா என்று வெளிநாடுகளில் பார்த்திருக்கிறார்கள். கனடாவின் டொரோண்டோ நகரத் தரவுகளை வைத்து 2018-ல் வெளிவந்த ஆய்வில், எச்சரிக்கை விடுத்த நாட்களில் ஆஸ்துமாவுக்காக அவசரப் பிரிவுக்கு வருவோர் கால்வாசி அளவுக்குக் குறைந்திருந்தார்கள். மற்ற நோய்களில் அவ்வளவு தெளிவான மாற்றம் இல்லை. பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் நோயாளிகளின் போனுக்கே எச்சரிக்கை அனுப்பிப் பார்த்தபோது, கதை தலைகீழாகி, எச்சரிக்கை பெற்றவர்கள் ஆஸ்பத்திரியில் சேர்வது கூடியது. பயந்து போனார்களா, சீக்கிரமே உதவி தேடினார்களா என்று வாதிடலாம். எனக்கு இதில் தெரிவது ஒன்று: எச்சரிக்கை வந்தால் என்ன செய்வது என்று முன்கூட்டியே எழுதி வைத்திருக்கும் வீட்டுக்கு அது பயன்படும், மற்ற வீட்டுக்கு நெஞ்சு படபடப்புதான். உங்கள் வீட்டில் இப்போது நடப்பது இரண்டாவது வகை.

பையனே ஒரு கருவி

பீக் ஃப்ளோ மீட்டர் என்று ஒரு சிறிய பிளாஸ்டிக் குழாய் மருந்துக் கடையில் கிடைக்கும். நிமிர்ந்து நின்று, மூச்சை முழுக்க இழுத்து, உதட்டால் குழாயை இறுக்கிப் பிடித்து, பிறந்தநாள் மெழுகுவத்தியை அணைப்பதுபோல் ஒரே ஊதாக வேகமாக ஊத வேண்டும். முள் ஓர் எண்ணில் நிற்கும். மூன்று முறை ஊதி, அதில் பெரிய எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். நன்றாக இருக்கும் இரண்டு வாரத்தில் காலை மாலை ஊதவிட்டால், அவனுடைய சிறந்த எண் எது என்று தெரிந்துவிடும். பிறகு அதில் 80 சதவீதத்துக்கு மேல் இருந்தால் வழக்கம்போல இருக்கலாம். 50-க்கும் 80-க்கும் நடுவே என்றால், உங்கள் மருத்துவர் அதற்கென்று எழுதிக் கொடுத்ததைச் செய்ய வேண்டும். 50-க்குக் கீழே என்றால் உடனடி இன்ஹேலர் அடித்துக்கொண்டே ஆஸ்பத்திரி. இந்த மூன்று நிலைக்கும் என்ன மருந்து, எத்தனை பஃப் என்று ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கடலூர் அரசு தலைமை மருத்துவமனையிலோ ஜிப்மரிலோ கேட்டால் எழுதித் தருவார்கள். அதன் நகல் ஒன்று பள்ளிப் பையில் இருக்கட்டும்.

அந்த எண்ணின் பக்கத்திலேயே மூன்று விஷயங்களை எழுதி வாருங்கள்: அன்றைய குறியீடு, நாற்றம் வந்ததா, வந்தால் எத்தனை மணிக்கு எந்த மாதிரி, காற்று எந்தப் பக்கமிருந்து. ஒரு மாதத்தில் உங்கள் பையனை எது தொந்தரவு செய்கிறது என்று தெரிய ஆரம்பிக்கும். சில பிள்ளைகளுக்குத் தூசிதான் எதிரி, சிலருக்கு நெடி, சிலருக்கு இரண்டும் இல்லை, சளிக் காய்ச்சல்தான்.

காற்றின் திசை உங்கள் ஊரில் குறியீட்டைவிட முக்கியம். சிப்காட் உங்களுக்குத் தெற்கே, சிதம்பரம் சாலையில் இருக்கிறது. எனவே தெற்கிலிருந்து காற்று வீசும் மாதங்களில், அதாவது பங்குனி, சித்திரைப் பக்கம், அது உங்கள் பக்கம் வரும். வாடைக்காற்று வீசும்போது உங்களுக்கு நிம்மதி. அன்று சிப்காட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் செம்மங்குப்பத்துக்காரர்கள் மூக்கைப் பொத்துவார்கள். பகலில் கடல்காற்று வந்தால் காற்று கலந்துவிடும்; ராத்திரி காற்று அடங்கினால் எல்லாம் தரையோடு தேங்கும். ராத்திரிகளில் நாற்றம் கூடுவதற்கு இது ஒரு காரணம். வானிலைச் செயலியில் 'தென்மேற்குக் காற்று' என்றால் தென்மேற்கிலிருந்து வருவது. பலர் இதைத் திருப்பிப் புரிந்துகொள்கிறார்கள். அது வேண்டாமென்றால் துறைமுகத்துப் படகுகளில் கொடி எந்தப் பக்கம் பறக்கிறது என்று பாருங்கள். உங்கள் மாமியாரைக் கேட்டால் இதையெல்லாம் என்னைவிட நன்றாகச் சொல்வார் என்று நினைக்கிறேன். போனைப் பார்த்து மூச்சு விடாத தலைமுறைக்குக் காற்றைப் பார்க்கத் தெரிந்திருந்தது.

பள்ளி, பந்து, ஜன்னல்

மஞ்சளுக்கெல்லாம் விளையாட்டை நிறுத்தாதீர்கள். ஓடி விளையாடும் ஆஸ்துமா பிள்ளையின் நுரையீரல் உட்கார்ந்தே இருக்கும் பிள்ளையினுடையதைவிடத் தெம்பாக இருக்கும். 'சமீர்' எண் 200-க்குள் இருந்து, ஊதும் எண் நன்றாக இருந்து, நாற்றமும் இல்லையென்றால் விடுங்கள், விளையாடட்டும். ஓடினால் இழுக்கும் பிள்ளை என்றால், ஆட்டத்துக்குக் கால் மணி நேரம் முன்பு உடனடி இன்ஹேலர் அடிக்கலாமா என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். 200-ஐத் தாண்டினாலோ நெடி அடித்தாலோ வெளியே ஓட்டம் வேண்டாம், வகுப்பறைக்குள் இருக்கட்டும். பள்ளிக்கே லீவு என்பது தேவையில்லை. பள்ளிக்கூடத்துக் காற்றும் உங்கள் வீட்டுக் காற்றும் ஒரே காற்றுதான். இந்த விஷயத்தில் நீங்கள் அவனுக்கு எடுத்த லீவு நாட்களை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

வீட்டுக்குள் வருவோம். நாற்றம் வந்தால் ஜன்னலைச் சாத்திவிட்டுக் கொசுவத்திச் சுருள் ஏற்றுகிறோம் என்று எழுதியிருக்கிறீர்கள். 2003-ல் வந்த ஓர் ஆய்வின்படி, ஒரு சுருள் முழுக்க எரிந்தால் கிளம்பும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமம். மூடிய அறையில் அதைப் பிள்ளை பக்கத்தில் வைத்துவிட்டு வெளியே உள்ள காற்றுக்குப் பயப்படுகிறோம். கொசுவலை கட்டுங்கள். எண்ணெய்க் குளியலுக்குப் பிறகு சாம்பிராணி போடுவதையும் அவன் இருக்கும் அறையில் நிறுத்துங்கள். நாற்றம் அடங்கியதும் ஜன்னலைத் திறந்துவிட மறக்க வேண்டாம்.

முகக்கவசம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். என்-95 தூசியையும் புகைத் துகளையும் தடுக்கும், வாயுவைத் தடுக்காது. ஒன்பது வயது முகத்துக்குச் சரியாகப் பொருந்துவதும் கஷ்டம். போகி அன்று வெளியே போக வேண்டியிருந்தால் பயன்படும், முட்டை நாற்றத்துக்குப் பயன்படாது. காற்றுச் சுத்திகரிப்பானும் அப்படித்தான். அதிலுள்ள வடிகட்டி துகளைப் பிடிக்கும். வாயுவைப் பிடிக்கக் கனமான கரி அடுக்கு வேண்டும், கடையில் காட்டும் பெரும்பாலான மாடல்களில் அது பெயருக்குத்தான் இருக்கும். கடன் வாங்கி வாங்காதீர்கள்.

கணவர் வேலை உடுப்போடு வந்து பிள்ளையைத் தூக்காமல் இருப்பது நல்லது. ஆலையிலேயே குளித்து மாற்றிக்கொள்ள வசதி இருந்தால் அதுவே சிறப்பு. இல்லையென்றால் வந்ததும் குளியல், அந்தத் துணியைத் தனியாகத் துவையுங்கள்.

கசிவு என்று சத்தம் கேட்டால்

செயலியைத் திறக்க வேண்டாம். அது சொல்லாது. உள்ளேயே இருங்கள் என்று போலீசோ தீயணைப்புத் துறையோ சொன்னால் கதவு ஜன்னலைச் சாத்தி, இடுக்குகளில் ஈரத்துணி வைத்து இருங்கள். வெளியேறச் சொன்னால் காற்று வீசும் திசையிலேயே ஓடாமல், அதற்குக் குறுக்காக நடந்து விலகுங்கள். ஈரத்துணியை மூக்கில் வைத்துக்கொள்வது அம்மோனியா, குளோரின் போலத் தண்ணீரில் கரையும் வாயுக்களுக்குக் கொஞ்சம் உதவும். இரண்டு இன்ஹேலரும் ஸ்பேசரும் அந்த எழுதிய தாளும் எப்போதும் ஒரே பையில், கதவுக்குப் பக்கத்தில் தொங்கட்டும். பிள்ளை முழு வாக்கியம் பேச முடியாமல் திணறினாலோ, விலா எலும்புக்கு இடையே சதை உள்ளே இழுத்தாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ 108-ஐக் கூப்பிடுங்கள்.

புகார்

நான் வழக்கறிஞர் இல்லை. தெரிந்த அளவுக்குச் சொல்கிறேன். புகாரில் உங்கள் பெயர்தான் இருக்க வேண்டும் என்று இல்லை. தெரு நலச் சங்கம் கொடுக்கலாம், பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் கழகம் கொடுக்கலாம். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர் அலுவலகத்திலும், திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் கூட்டத்திலும் கொடுத்து ரசீது வாங்குங்கள். "அடிக்கடி நாறுகிறது" என்று எழுதினால் தாள் கோப்பில் தூங்கும். இந்தத் தேதி, இந்த மணி முதல் இந்த மணி வரை, இந்த நெடி, காற்று தெற்கிலிருந்து என்று பத்து வீட்டுக் குறிப்பேடு ஒன்றாகப் போனால், அந்த நேரம் எந்த ஆலையில் என்ன நடந்தது என்று அவர்கள் பார்த்தே ஆக வேண்டும். அதற்காகத்தான் குறிப்பேட்டில் நேரம் எழுதச் சொன்னேன்.

இன்னொன்றையும் கேட்டு வாங்கலாம். பெரும் விபத்து அபாயமுள்ள ஆலைகளைச் சுற்றி வசிப்பவர்களுக்கு, விபத்து நடந்தால் என்ன செய்ய வேண்டும் என்று முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும் என்பது அபாயகர ரசாயனங்கள் குறித்த 1989-ஆம் ஆண்டு விதிகளில் இருக்கிறது. ஆலைக்கு வெளியேயான அவசரகாலத் திட்டமும் மாவட்ட அளவில் இருக்க வேண்டும். உங்கள் தெருவுக்கு அதில் என்ன எழுதியிருக்கிறது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் யார் வேண்டுமானாலும் கேட்கலாம். தம்பி புதுச்சேரியிலிருந்து கேட்டாலும் பதில் சொல்ல வேண்டும். உங்கள் கணவர் பெயர் எங்கும் வராது. எந்தக் காற்று நிலையத்தில் எந்தெந்த வாயுக்களை அளக்கிறார்கள் என்பதையும் அதே மனுவில் சேர்த்துக் கேட்கச் சொல்லுங்கள்.

புதுச்சேரிக்குப் போகலாமா?

இப்போதே முடிவெடுக்க வேண்டாம். தம்பி சொல்லும் மேட்டுப்பாளையமும் தொழிற்பேட்டைதான். அங்கிருந்து குரும்பாபேட் குப்பைக்கிடங்கும் அதிகத் தூரம் இல்லை. சிப்காட்டை விட்டு அங்கே போய் வேறொரு புகைக்குப் பக்கத்தில் குடியேறினால் வாடகையும் கணவரின் பயணச் செலவும்தான் மிச்சம். புதுச்சேரி என்று ஊர்ப் பெயரைப் பார்க்காதீர்கள். அந்தத் தெருவைப் பாருங்கள். ராத்திரி என்ன வாடை வருகிறது என்று அக்கம்பக்கத்தில் விசாரியுங்கள், பஸ் ஸ்டாண்டும் பெரிய சாலையும் எவ்வளவு தூரம் என்று பாருங்கள்.

மூன்று மாதம் தடுப்பு மருந்தைத் தவறாமல் கொடுங்கள், குறிப்பேட்டை எழுதுங்கள். அதன் பிறகும் நாற்றம் வரும் ராத்திரியெல்லாம் ஊதும் எண் விழுகிறது என்றால், வீடு மாறுவது நியாயமான யோசனை. அப்போது நானே போகச் சொல்வேன். அதற்கு முன்னால் பள்ளி விடுமுறையில் ஒரு வாரம் தம்பி வீட்டில் தங்கிப் பாருங்கள். மருந்தை மாற்றாமல், அங்கேயும் காலை மாலை அவனை ஊதவைத்து எண்களை எழுதி, உங்கள் மருத்துவரிடம் இரண்டு ஊர் எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள்.